இரு கடலுக்கு இடையே ஒரு நடை

ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் உறவுகளிடமிருந்து படம் வராத வார இறுதி குறைவு. ஒரு கிழமை லிஸ்பனின் ஏற்றத் தெருக்களில் மச்சாளும் அவரது கணவரும். மறு கிழமை அம்ஸ்ரர்டாம் வாய்க்கால் ஓரம் தம்பியும் அவன் மனைவியும். வெள்ளி இரவு வெளிக்கிட்டு, இரண்டு நாள் ஊரைக் காலாலேயே அளந்துவிட்டு, ஞாயிறு இரவு வீடு திரும்புகிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே லிஸ்பனிலிருந்தும் அம்ஸ்ரர்டாமிலிருந்தும் மாதக்கணக்காகக் கடலில் அலைந்து வந்து, பிடித்தே தீருவது என்று ஆட்கள் மோதிக்கொண்ட ஊர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை எங்களில் எத்தனை பேர் நடந்து பார்த்திருக்கிறோம்?

"சனி ஞாயிறு திருமலைக்குப் போவம். வாகனம் பிடிக்க வேண்டாம், நடப்பம்" என்றார் என் கணவர்.

"இந்தக் கச்சான் காத்துக்கையோ?"

"விடியவும் பின்னேரமும் நடப்பம். மத்தியானம் படுத்தெழும்புவம். உமக்கு நடக்கேலாட்டி எங்கையாவது இருந்து கதைப்பம்."

திருகோணமலையைப் பார்க்க இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நகரம் ஒடுங்கிய நிலத் துண்டு ஒன்றில் இருக்கிறது. கிழக்கே திறந்த வங்கக் கடல். மேற்கே மலைகள் வளைத்து நிற்கும் உட்துறைமுகம். ஆறுதலாக நடந்தாலும் ஒரு கடலிலிருந்து மற்றக் கடலுக்குக் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். காலையில் கிழக்குக் கரையிலுள்ள டச்பேயில் சூரியன் எழும்புவதைப் பார்த்தவர், பின்னேரம் தெருக்களைக் குறுக்கறுத்து நடந்தால் உட்துறைமுகத்துக்கு மேலே அது இறங்குவதையும் பார்க்கலாம்.

அந்த மலைகள்தான் இந்த ஊரின் தலைவிதியை எழுதியவை. வாடைக் காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் அன்று பெரிய கப்பல்களுக்கு ஒதுங்கிடம் இருக்கவில்லை. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. காற்று மாறினால் பம்பாய் வரைக்கும் ஓட வேண்டியிருந்தது. இந்தக் கடலில் இரண்டு பருவக்காற்றிலும் ஒரு கடற்படையே அசையாமல் நிற்கக்கூடிய இடமாக இருந்தது திருமலைதான். 1620இல் டேனியர் வந்து இங்கே காலூன்றப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அதே பயணத்தில்தான் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். அடுத்துப் போர்த்துக்கேயர். 1639இல் அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் பறித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சவ்ரன் அவர்களைத் துரத்தினார். ஒரே ஆண்டில் மூன்று கொடிகள். போர் முடிந்து ஊர் மீண்டும் ஒல்லாந்தர் கைக்குப் போக, 1795இல் வந்த ஆங்கிலேயர் நிலைத்துவிட்டார்கள். நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1957இல்தான் கடற்படைத் தளத்தைக் கையளித்தார்கள்.

சனி விடியலில் பிரட்ரிக் கோட்டை வாசலுக்குப் போனோம். 1803இல் இங்கிலாந்து இளவரசர் ஒருவரின் பெயரைச் சூட்டினார்கள். பெயர் அப்படியே இருக்கிறது. கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம்தான். காரில் வருபவர்கள் கவனிக்காமல் கடந்துவிடும் ஒன்று அந்த வாசலிலேயே இருக்கிறது. கற்தூணில் இணைக்கயல் செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் எழுத்துச் சிதைந்த தமிழ்க் கல்வெட்டு. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். அப்படி வந்த கல் இது. கிட்டப் போய் நின்றால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியும். சில முழுசாக, சில பாதியாக. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு என்று ஊரில் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்க, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பமும் நின்றுவிட்டது. அப்பா மகளுக்குக் கயலைத் தொட்டுக் காட்டினார். இருந்த கோயிலை இடித்தவர்களின் கோட்டைச் சுவரே அந்தக் கோயிலுக்குச் சாட்சியாக நிற்கிறது.

ஏற்றத்தில் மரங்களின் கீழ் புள்ளிமான்கள் படுத்துக் கிடந்தன. மேலே கோணேசர். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய தலம். 1950இல் நகரசபையினர் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. இடிப்பதற்கு முன் யாரோ பத்திரமாகப் புதைத்தவை. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலுக்குள் சுழியோடி, பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். இன்றைய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது. முந்நூற்று நாற்பது ஆண்டுகள் பொறுத்திருந்த வழிபாடு. இராவணன் வெட்டு என்னும் மலைப்பிளவுப் பக்கம் மரக்கிளைகளில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடின. கீழே செங்குத்தாகக் கடல். கரைக்கு மிகக் கிட்டவே ஆழப் பள்ளத்தாக்கு இருப்பதால், பருவகாலத்தில் நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நீரை இந்த மலையில் நின்றே பார்த்தவர்கள் உண்டு. எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி நெடுநேரம் கடலைப் பார்த்தோம். வீட்டில் பேச முடியாமல் கிடந்த எத்தனையோ கதை அங்கே தானாக வந்தது.

மலையிறங்கி டச்பேக்கு வந்தோம். பின்னேரம் ஊரே கூடும் கடற்கரை இது. சுண்டல் வண்டி, பட்டம் விடும் பொடியள், தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள். அந்த வீதியில் காந்தி சிலை இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இதே கரையில் காற்று வாங்க வந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் இருபது வயது மட்டில் இருந்த பிள்ளைகள். குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரையும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. அந்தப் பிள்ளைகள் அங்கே செய்ததும் நாங்கள் இப்போது செய்வதும் ஒன்றுதான். கடற்கரைக்கு வந்தார்கள், இருந்தார்கள், கதைத்தார்கள். எங்கள் தலைமுறையின் இளமையில் இந்த ஊரில் இருட்டிய பிறகு நடப்பது உயிரோடு விளையாடும் காரியம். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி, கையில் அடையாள அட்டை, எந்த நேரமும் ஊரடங்கு. கலியாணம் பேசிய காலத்தில் இவரும் நானும் சேர்ந்து நடந்த தெரு ஒன்றுகூட இல்லை. சிலைக்குக் கிட்ட வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றோம். இந்தக் கரைக்கு வருகிற எவரும் அப்படி நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஞாயிறு காலை இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு நகரத்துக்குள் நடந்தோம். பழைய ஆங்கிலேயச் சேமக்காலையில், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின் கிடக்கிறார். கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர். 1852இல் பர்மாப் போரின்போது இராவதி ஆற்றில், கப்பலிலேயே வாந்திபேதி கண்டு இறந்தார். அப்போது வயது 73. நகரத்தில் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் தேவாலயப் பூசையும் ஒரே காலையில் காதில் விழும். ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றைத் திருத்திக் கடற்படை வரலாற்று அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அகன்ற விறாந்தையின் குளிர்மைக்காகவே உள்ளே போகலாம்.

பின்னேரம் உட்துறைமுக வீதி. முன்பு மூதூருக்குப் போவதென்றால் இங்கிருந்து படகேறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். 1660இல் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது அந்தக் குடாவின் கரையில்தான். அக்கரைச் சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நூற்றுக்குக் கிட்ட இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான். நாங்கள் நடந்த அந்தப் பின்னேரம் அதே நீரில் இரண்டு தோணிகளும் ஒரு சரக்குக் கப்பலும் நின்றன.

ஊரைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களிடம் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். பல வீதிகளில் நடைபாதை என்ற ஒன்றே இல்லை. இருக்கிற இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கோட்டை வாசல் கல்வெட்டைப் பற்றி விளக்கும் நல்ல பலகை ஒன்றை நான் காணவில்லை. கடைத்தெருவின் பின்பக்கம் ஒரு மான் குப்பைக்குள் தலையை விட்டு, சாப்பாடு சுற்றிய பொலித்தீன் தாளை மென்றுகொண்டிருந்தது. இவர் கையைத் தட்டி விரட்டியும் வாயிலிருந்த தாளை விடவில்லை. மூடியுள்ள தொட்டிகள் வைப்பதற்குப் பெரிய செலவு வராது. வெட்டிய நிழல் மரங்களுக்குப் பதிலாக வேம்பும் வாகையும் நடுவதற்கும் வராது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாகனத்தில் வந்து, கோயிலடியில் இறங்கி, படமெடுத்துக்கொண்டு நிலாவெளிக்கு ஓடாதீர்கள். துணையோடு வாருங்கள், ஊருக்குள் ஓர் இரவு தங்குங்கள், தெருத்தெருவாக நடவுங்கள். நாங்கள் நடக்காத தெரு மெல்ல மெல்ல வேறு யாருக்கோ சொந்தமாகிவிடும் என்பதை முப்பது ஆண்டுப் போர் எங்களுக்குக் கற்பித்திருக்கிறது. பயமில்லாமல் நடக்கும் உரிமை எந்தச் சட்டப் புத்தகத்தில் இருந்தாலும், அதைக் காப்பாற்றுவது நடக்கிறவர்களின் கால்கள்தான்.