தப்பி ஓடும் கால்கள்

நெடுஞ்சாலையில் லாரி ஒன்று பைக்கைத் தட்டிவிடுகிறது. ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தேடாமல் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சம். அது பொய்யான அச்சமும் அல்ல.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டது. காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது அதன் 134-வது பிரிவு. கூட்டத்தின் ஆத்திரம் போன்ற காரணங்களுக்கு விலக்கும் தருகிறது. ஆனால், அப்படி விலகியவரும் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏன் உதவ முடியவில்லை என்பது உட்பட. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆக, உயிர் பயத்தில் விலகுவது வேறு, தலைமறைவாவது வேறு.

இந்த வேறுபாட்டை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

இறங்க முடியாதவர்கூட 108-ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும், திட்டத்தின் உச்சவரம்புக்குள் இலவசம். தூக்கிச் செல்பவர் பணம் கட்ட வேண்டியதில்லை. 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவும் வழிப்போக்கரை வழக்கிலிருந்தும் காக்கிறது.