இரண்டாவது போத்தல்

மருந்து என்றால் வாயால் உட்கொள்வது அல்லது ஊசியால் ஏற்றுவது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். பிள்ளைக்கு மலம் இறுகும்போது கொடுக்கப்படும் எனிமாவோ வெறும் குடல் கழுவல். 'உள்ளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே' என்று சமாதானம் சொல்வோரும் உளர். இது பிழையான எண்ணம் மட்டுமன்று, சிறு பிள்ளைகளின் விடயத்தில் ஆபத்தானதும்கூட.

நீரையும் உப்புக்களையும் உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பதே பெருங்குடலின் தொழில். அங்கே செலுத்தப்படும் திரவம் விரைவில் வெளியேறிவிட்டால் பெரும்பாலும் தொல்லையில்லை, தங்கிவிட்டால்தான் வினை. சோடியம் பொஸ்பேற் எனிமா தங்கும்போது இரத்தத்தில் பொஸ்பேற் ஏறுகிறது. அது கல்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் கல்சியம் இறங்குகிறது. கைகால் இழுத்துப் பிடிப்பதும் வலிப்பும் இதயத்துடிப்புக் குழம்புவதும் இதன் தொடர்ச்சியே. இதற்குப் பயந்து பச்சைத்தண்ணீரை நாடுவதும் தீர்வன்று. அது மிகையாக உறிஞ்சப்பட்டால் இரத்தத்தின் சோடியம் குறைந்து மூளை வீங்கக்கூடும். நம் வீடுகளுக்குப் பழக்கமான சவர்க்காரத் தண்ணீருக்கும் இது பொருந்தும். அது குடற்சுவரையும் புண்படுத்தும்.

வேடிக்கை அல்ல, விபரீதம் இதுதான்: முதலாவது எனிமாவுக்கு மலம் போகாத பிள்ளைக்கே இரண்டாவது போத்தல் எடுக்கப்படுகிறது. முதலாவது உள்ளேயே கிடக்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? 24 மணித்தியாலத்தில் ஒன்றுக்கு மேல் பாவிக்கவேண்டாம், 2 வயதுக்குட்பட்டோருக்கு அறவே வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014 ஜனவரியில் எச்சரித்தது. சிறுநீரகக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்புக்கலங்கள் இன்றிப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே. ஏறத்தாழ 5000 பிறப்புக்களில் ஒன்றுக்கு இக்குறை உண்டு. தீராத மலச்சிக்கலே அதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும். அதைக் கண்டறியாமல் வீட்டில் எனிமா கொடுத்துக்கொண்டிருப்பதைப் பராமரிப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

மலம் இறுகி அடைத்த பிள்ளைக்கு வாய்வழி கொடுக்கும் பொலிஎதிலீன் கிளைக்கோலே முதற் தெரிவு என்று ஐரோப்பிய, வட அமெரிக்கச் சிறுவர் குடலியல் சங்கங்கள் 2014இல் பரிந்துரைத்தன. அதற்கு மூன்று முதல் ஆறு நாள் பொறுமை வேண்டும். நம்மவருக்கு அது சற்றுக் கடினம்தான்.

மருந்துக்கடைக்காரர் போத்தலை நீட்டுமுன் பிள்ளையின் வயதைக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பெற்றோர் சொல்லவேண்டும். செலுத்திய பொஸ்பேற் எனிமா அரை மணித்தியாலம் கடந்தும் வெளிவராவிட்டால், அல்லது பிள்ளை சோர்ந்தாலோ கைகால் நடுங்கினாலோ, வெறும் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.