ராஜாக்களா கட்டினார்கள் இந்த தேசத்தை?

"ராஜ வம்சங்கள்தான் தேச சரித்திரத்தின் தூண்கள், அவர்களை மறப்பது நன்றிகெட்டதனம்" என்று சில கனவான்கள் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். "நார்வேயைப் பாருங்கள், அங்கே இன்றும் மன்னர் இருக்கிறாரே, ஜனங்கள் மதிக்கவில்லையா?" என்று சாட்சிக்கும் ஆள் காட்டுகிறார்கள்.

நல்லது, நார்வேயையே பார்ப்போம். 1905ல் ஸ்வீடனோடு இருந்த பிணைப்பை நார்வே அறுத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில், டென்மார்க் இளவரசர் ஒருவரை மன்னராக ஏற்கலாமா என்று ஜனங்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 'ஏற்கலாம்' என்றார்கள். 69,000 பேருக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ஏழாம் ஹாக்கோன் ஆனார். 1940ல் நாஜிகளின் கைக்கூலியான குவிஸ்லிங்கைப் பிரதமராக்கச் சொல்லி ஹிட்லரின் ஆட்கள் மிரட்டியபோது அவர் மறுத்தார். அதை மறைக்கும் அவசியம் நமக்கில்லை. ஆனால் அங்கே மன்னர் தேசத்தை உண்டாக்கவில்லை. தேசம்தான் மன்னரை உண்டாக்கியது!

நம் ராஜாக்களில் எவர் நம் பாட்டன்மாரிடம் ஓட்டுக் கேட்டு வந்தார்?

நாம் நிற்கும் மண்ணின் கதையையே கேளுங்கள். 1763ல் ஆற்காடு நவாப் முகமது அலி, பொன்னேரி உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். ஏர் பிடித்தவனைக் கேட்டாரா? நாற்று நட்டவளைக் கேட்டாரா? யாரையும் கேட்கவில்லை. அதோடு நின்றதா? கொடுத்த அதே சீமையைக் கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, 1780 வரை நவாபே வரி வசூலித்தார்! கம்பெனிக்கும் அழ வேண்டும், நவாபுக்கும் அழ வேண்டும். இரண்டும் குடியானவன் களத்திலிருந்துதான் போயிற்று. வெள்ளைக்கார லேவாதேவிக்காரர்களிடம் அவர் வாங்கிய கடனுக்கு வட்டியும் ஜனங்கள் தலையில்தான் விடிந்தது.

1801ல் அவருடைய வம்சத்தார், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு தங்களுக்கு என்று பேசிக்கொண்டு கர்நாடக ராஜ்யம் முழுவதையும் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். இது தேசத்தைக் கட்டிய கதையா, தேசத்தை அடகு வைத்து மூழ்கடித்த கதையா?

நவாப் என்பதால் சொல்கிறோம் என்று எவரும் மதச்சாயம் பூச வேண்டாம். பத்மநாபசுவாமியின் தாசன் என்று சொல்லிக்கொண்ட திருவிதாங்கூர் மன்னரின் ராஜ்யம் செய்தது என்ன? திவான் சி.பி.ராமசாமி அய்யரின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்து 1946 அக்டோபரில் ஆலப்புழை, சேர்த்தலைப் பகுதிகளில் கயிற்றுத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கிளர்ந்தெழுந்தார்கள். புன்னப்புராவிலும் வயலாரிலும் துப்பாக்கி பேசியது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1947 ஜூனில், "திருவிதாங்கூர் தனி நாடு" என்று அதே திவான் அறிவித்தார். ஜனங்களின் எதிர்ப்பு பொங்கியது. ஜூலை முடிவதற்குள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இணைப்புப் பத்திரத்தில் இருப்பது மன்னர் கையெழுத்து. அதற்கு விலை கொடுத்தது கயிறு திரித்தவன் ரத்தம்!

பிறகு கிடைத்த வெகுமதி யாருக்கு? ரத்தம் சிந்தியவனுக்கா? இல்லை. திருவிதாங்கூர் மன்னருக்கு ஆண்டுக்கு 18 லட்சம். மைசூர் மன்னருக்கு 26 லட்சம். வருமான வரியும் கிடையாது. அரசியல் சட்டத்திலேயே 291வது ஷரத்தாக இந்த மன்னர் மானியம் எழுதப்பட்டது. 1970 செப்டம்பரில் இதை ஒழிக்கும் மசோதா, லோக்சபையில் நிறைவேறியும் ராஜ்யசபையில் ஒரு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. ஜனாதிபதி உத்தரவு போட்டுப் பார்த்தார்கள். டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. 1971 டிசம்பரில் 26வது திருத்தம் வந்த பிறகே மானியம் ஒழிந்தது. ராஜாக்களின் பென்ஷனை நிறுத்த, சுதந்திர நாட்டுக்கு 24 ஆண்டு பிடித்தது!

நமக்கோ? ஆயுசு முழுக்க ஆலையில் உழைத்து, பிராவிடண்ட் பண்ட் திட்டத்தில் பணம் கட்டியவனுக்கு, 2014ல் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் காண்ட்ராக்டர் கையில் சிக்கி, பெயர்ப் பட்டியலிலேயே இடம் பெறாத தொழிலாளிக்கு அதுவும் இல்லை. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்கும் விவசாயக் கூலிக்கும் இல்லை. நாடாண்டவனுக்கு ஒரு நியாயம், நாட்டுக்கு உழைத்தவனுக்கு ஒரு நியாயமா?

ராஜாக்களைச் சரித்திரத்திலிருந்து அழிக்கச் சொல்லவில்லை. அவர்கள் செய்ததையெல்லாம் எழுதுங்கள் என்கிறோம். 1763ன் ஜாகீரை எழுதுங்கள்! வயலாரை எழுதுங்கள்! நம் பிள்ளைகள் பள்ளியில் பட்டாபிஷேகத் தேதிகளோடு இவற்றையும் படிக்கட்டும்.

தோழர்களே! உங்கள் ஆலை வாசலில், உங்கள் களத்துமேட்டில் இதைப் பேசுங்கள். ஒவ்வொரு காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும்; உழைத்து ஓய்ந்த ஒவ்வொருவருக்கும் மானமாக வாழும் பென்ஷன் வேண்டும் என்று ஒன்றுபட்டுக் கேளுங்கள். தேசத்தைத் தாங்குகிறவன் கேட்பது பிச்சையல்ல, பாக்கி!