ட்ரிம் சக்கரமும் எலக்ட்ரீஷியன் புத்தியும்

புது வீட்டுக்குக் குடி போனா முதல் ஒரு மாசம் நாம எல்லாருமே ஒரே மாதிரிதான். ஃபேன் போடப் போனா லைட் அணையும். பாத்ரூம் ஸ்விட்ச் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டா, "பைப் அந்தப் பக்கமாத்தான் சார் வந்துச்சு, போகப் போகப் பழகிடும்" என்பார். பழகவும் செய்யும். வீடுங்கறதால பரவாயில்லை, தப்பான ஸ்விட்சைப் போட்டதுக்காக யாரும் செத்துப் போறதில்லை.

இதே புத்தியோட விமானம் கட்டறவங்களைத் திட்டத்தான் இந்தப் பதிவு. அதுல நானும் அடக்கம், அதையும் கடைசியில சொல்றேன்.

புதுசா வர்றவங்களுக்காக: அமெரிக்காவுல வீட்டு கராஜ்ல விமானம் கட்டறது சட்டப்படி சரி. பாதிக்கு மேல வேலையை நாமே நம்ம கையால, பொழுதுபோக்கா செஞ்சிருக்கணும், அவ்வளவுதான். 1953ல ஆரம்பிச்ச ஈ.ஏ.ஏ. சங்கம் இதுக்குத் தாய்வீடு மாதிரி. நானும் ஒஹையோவுல குளிர்ல நடுங்கிக்கிட்டு நாலு வருஷமா ஒரு ஆர்வி-7ஐத் தட்டிக்கிட்டு இருக்கேன். கார் வெளியில நனையுதுன்னு தங்கமணி தினமும் ஞாபகப்படுத்தறாங்க.

ட்ரிம்னா என்னன்னா, தராசு ஒரு பக்கம் சாஞ்சா கடைக்காரர் சின்னதா ஒரு கல்லைக் கட்டி சமன் பண்ணுவாரே, அதேதான். விமானத்தோட வேகம் மாறினா மூக்கு மேலயோ கீழயோ போகப் பாக்கும். ஸ்டிக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தா கை ஓய்ஞ்சுடும். அதனால வால்ல இருக்கற எலிவேட்டரோட விளிம்புல ஒரு குட்டிப் பலகை. காக்பிட்ல ஒரு சக்கரத்தையோ குமிழையோ திருகினா கேபிள் வழியா அது அசையும், கைல இருக்கற பாரம் போயிடும். கேக்கறதுக்கு சப்பை மேட்டர். அதனாலதான் கட்டறவங்களும் இதை சப்பையா நினைக்கறாங்க. பெரிய பெரிய ஸ்க்ரீன், ரேடியோ எல்லாம் பேனல்ல இடம் பிடிச்ச பிறகு, கேபிள் எந்தப் பக்கம் வளையாம நேரா வருதோ அங்க ட்ரிம்மை மாட்டிடறாங்க. வளைவு அதிகமானா கேபிள் உராயும், இறுகும், அது உண்மைதான். ஆனா அதைத் திருகப் போறது கேபிள் இல்லையே, கைதானே?

போன இலையுதிர் காலத்துல நடந்தது. இங்க ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற மெக்கானிக். ரிவெட் அடிக்க எனக்குக் கத்துக் கொடுத்தவர், நல்ல மனுஷன். தானே கட்டின ரெண்டு சீட் விமானத்துல என்னை இடது பக்கம் உட்கார வச்சு ஓட்டச் சொன்னார். அதுல ட்ரிம் சக்கரம் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, இடுப்புக்குப் பின்னாடி, அதுவும் படுக்க வச்ச தோசைக்கல் மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் சுத்தினா மூக்கு இறங்கும்னு ஒரு அம்புக்குறி கூட இல்லை. "ஏன் இங்க?"ன்னு கேட்டேன். "கேபிள் வாலுக்கு நேரா போகுது பாரு" என்றார் பெருமையா.

இறங்க வந்தோம். ஃப்ளாப் முழுசா இறக்கியாச்சு. மெதுவான வேகத்துக்காக ட்ரிம்மை மூக்கு மேல வர்ற பக்கம் நல்லாவே திருகி வச்சிருந்தேன். ஓடுபாதைல ஒரு மான். இங்க இது சகஜம். திரும்ப மேல போயிடலாம்னு த்ராட்டிலை முழுசா தள்ளினேன். ட்ரிம் அப்படி இருக்கறப்ப முழு சக்தி கொடுத்தா, ப்ரொப்பெல்லர் காத்து வால்ல அடிச்சு மூக்கு ஜிவ்வுனு மேல ஏறும். ஏறுச்சு. இடது கையால ஸ்டிக்கை முன்னாடி தள்ளிக்கிட்டே, வலது கையை முதுகுப் பக்கம் வளைச்சு சக்கரத்தைத் தேடறேன். அதுமேல அவரோட ஜாக்கெட் கிடக்கு. ஜாக்கெட்டைத் தள்ளிட்டு சுத்தினா, கை இன்னும் கனமாகுது. தப்பான பக்கம்! வேகம் 55 நாட்டுக்கு வந்துடுச்சு. அந்த உயரத்துல இறக்கை ஸ்டால் ஆனா எடுக்க இடம் கிடையாது. ட்ரிம்மை விட்டுட்டு, த்ராட்டிலைக் கொஞ்சம் குறைச்சு, ரெண்டு கையாலயும் ஸ்டிக்கை நெட்டினேன். மூக்கு இறங்கினப்புறம் அவர் நிதானமா கையைப் பின்னாடி விட்டு நாலு சுத்து சுத்தினார். பாரம் போயிடுச்சு.

தரைக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "உனக்கு இன்னும் கை பழகலை."

எனக்கு பத்திக்கிட்டு வர்றது இந்த இடத்துலதான். பழகிடும், பழகிடும்! விமானத்துல இந்தச் சொல்லுக்கு வயசு ஜாஸ்தி. ரெண்டாம் உலகப் போர்ல பி-17 ஓட்டினவங்க நல்லபடியா தரையிறங்கிட்டு, ஃப்ளாப்பை ஏத்தறதா நினைச்சு சக்கரத்தை மடக்கி வயித்துல தேய்ச்சாங்க. பைலட் தப்புன்னு எழுதி முடிச்சுக்கிட்டிருந்தாங்க. அல்ஃபோன்ஸ் சபானிஸ்னு ஒரு மனோதத்துவ ஆள் காக்பிட்ல உட்கார்ந்து பாத்தார். ரெண்டு ஸ்விட்சும் பக்கத்துல பக்கத்துல, ஒரே ஜாடை. ஒண்ணு மேல சின்ன ரப்பர் சக்கரம், இன்னொண்ணு மேல ஆப்பு மாதிரி ஒரு துண்டு, மாட்டி விட்டார். குழப்பம் தீர்ந்தது. 1947ல இங்க பக்கத்துல டேட்டன்ல, ரைட் ஃபீல்டுல, பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் பைலட் தப்புன்னு சொல்லப்பட்ட 460 சம்பவங்களை அலசினாங்க. சுமார் பாதி, ஒண்ணைத் தொடறதா நினைச்சு இன்னொண்ணைத் தொட்டது. எதிர்ப்பக்கம் திருப்பினது தனி வகை, கை எட்டாதது இன்னொரு தனி வகை. மான் வந்த அன்னிக்கு ஒரு அரை நிமிஷத்துல இந்தக் கடைசி ரெண்டு வகையையும் நானே செஞ்சு முடிச்சுட்டேன். போர்ல பறந்தவங்களுக்கே பழகலை, வாரக்கடைசியில மட்டும் பறக்கற நமக்குப் பழகிடுமா?

"சட்டம் கேக்கலையே"ன்னு ஒரு வாதம் வரும். ஆமா, கேக்கலை. ஃபேக்டரி விமானங்களுக்கான பார்ட் 23 விதியில, 2017ல அதை மாத்தி எழுதறதுக்கு முன்னாடி வரைக்கும், ட்ரிம் எந்தப் பக்கம் அசையுதுன்னு அதுக்குப் பக்கத்துலயே காட்டணும், இப்ப எந்த நிலையில இருக்குன்னும் காட்டணும்னு தெளிவாவே இருந்தது. வீட்டுல கட்டற விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. அந்தச் சுதந்திரம் எனக்கும் பிடிச்சிருக்கு, அதுக்காகத்தான் கராஜ்ல கிடக்கேன். அதுக்காக, கேக்க ஆள் இல்லைங்கறதே ஒரு டிசைன் ஆயிடுமா? ஃபேக்டரிக்காரங்க ஒண்ணும் ஒழுங்கு இல்லை, பழைய பைப்பர் செரோக்கியில ட்ரிம் கைப்பிடி கூரையில இருந்தது, தலைக்கு மேல கையைத் தூக்கிச் சுத்தணும். ஆனா பின்னாடி அதை சீட்டுக்கு நடுவுல சக்கரமா கொண்டு வந்துட்டாங்க. செஸ்னா 172ல பாருங்க, த்ராட்டில்ல இருந்து கையைச் சும்மா கீழ இறக்கினா சக்கரம் கைல வந்து நிக்கும்.

ஜான் டென்வர் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பாட்டுக்காரர். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவுல மான்டெரே விரிகுடாவுல விழுந்து செத்தார். விமானம் லாங்-ஈஸி, அவர் கட்டினது இல்லை, வேறொருத்தர் கட்டி கை மாறி வந்தது. பர்ட் ரூட்டானோட வரைபடப்படி பெட்ரோல் டாங்க் மாத்தற திருகு பைலட்டோட கால் நடுவுல இருக்கணும். கட்டினவர் அதை இடது தோளுக்குப் பின்னாடி வச்சிருந்தார். பெல்ட் போட்டுக்கிட்டு கை எட்டலை. எட்டறதுக்காக ஒரு ப்ளையரை மாட்டிப் பாத்தும் சரிப்படலை. உடம்பைத் திருப்பினா கால் தானா வலது ரட்டர் பெடலை மிதிக்கும்னு விசாரணையில தெரிஞ்சது. திருகு இருந்த இடத்தையும் விபத்துக்கான காரணங்கள்ல ஒண்ணா எழுதினாங்க. "அது பெட்ரோல், இது ட்ரிம்"னு சொல்லாதீங்க. ரெண்டுமே அவசரத்துல, பாக்காம, ஒரே கையால தொடவேண்டியது.

இன்னொரு கூட்டம், "எலக்ட்ரிக் ட்ரிம் போட்டுட்டா போச்சு, ஸ்டிக் மேலயே பட்டன்" என்பாங்க. (அந்த நாலு பக்கப் பட்டனுக்கு இங்க 'கூலி ஹேட்'னு பேரு. நம்ம 'கூலி'தான் கப்பலேறிப் போய் இப்படி ஆச்சுன்னு ஒரு கட்சி, குஜராத் பக்கத்து 'கோலி'ன்னு இன்னொரு கட்சி. எப்படியோ, மரியாதையான பேர் இல்லை.) நல்ல சாமான்தான். ஆனா பட்டன் ஒட்டிக்கிட்டு மோட்டார் பாட்டுக்கு ஓடினா அதை நிறுத்தற பிரேக்கர் எங்க இருக்கு? அதையும் பேனல்ல மிச்சம் இருந்த மூலையில மாட்டியிருந்தா, பிரச்சனை இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

இப்ப என் பங்கு. மானைப் பாத்துட்டு வந்த ராத்திரி என் பேனல் வரைபடத்தை எடுத்துப் பாத்தேன். ரெண்டு ஸ்க்ரீன், அழகான ரேடியோ அடுக்கு, ட்ரிம் குமிழ் இடது முட்டிக்கிட்ட! அலுமினியத்துல ஓட்டை கூடப் போட்டாச்சு. கராஜுக்குப் போய், சீட்ல உட்கார்ந்து, குளிர் ஜாக்கெட்டோட தோள் பெல்ட்டை இறுக்கி, கண்ணை மூடிக்கிட்டு, த்ராட்டிலை முன்னாடி தள்ளின மாதிரி வச்சு, அங்கிருந்து ட்ரிம்முக்குக் கையைக் கொண்டு போனேன். வலது கை ஸ்டிக்கையும் இடது கையையும் தாண்டிக் குறுக்க போகணும். காபி கொண்டு வந்த தங்கமணி பாத்துட்டு, "அஞ்சறைப்பெட்டியைப் பரண் மேல வச்சுட்டு சமைக்கற மாதிரி இருக்கு" என்றாங்க. அந்தத் தகடு இப்ப குப்பைல. மூணு வாரக்கடைசி போச்சு, ஒரு ஸ்க்ரீனும் போச்சு. இப்ப சக்கரம் த்ராட்டிலுக்கு நேர் கீழ, ஒரு சாண் தள்ளி. முன்னாடி உருட்டினா மூக்கு கீழ. பக்கத்துலயே ஒரு முள்ளும், புறப்படற நிலைக்கு ஒரு சிவப்புக் கோடும். கேபிள் ஒரு பெரிய வளைவு போட்டு வருது, கொஞ்சம் இறுக்கம்தான். கை தாங்கும்.

பெரியவருக்கு வயசாச்சு. விமானத்தை விக்கப் போறார். போன வாரம் கூப்பிட்டு, "நீதான் எழுதுவியே, விளம்பரம் எழுதிக் கொடு" என்றார். எழுதினேன். எஞ்சின் மணிக்கணக்கு, பெயிண்ட், ரேடியோ எல்லாம் போட்டுட்டு, ட்ரிம் சக்கரம் எங்க இருக்கு, எந்தப் பக்கம் சுத்தினா மூக்கு இறங்கும்னு ரெண்டு வரி சேர்த்தேன். அந்த ரெண்டு வரியை எடுக்கச் சொல்றார். சக்கரத்தை மாத்தினா எடுக்கறேன், நானே வந்து மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கேன். நாலு நாளா போன் இல்லை.