யார் கைப்பைக்கு இந்த ரிவால்வர்?

டெல்லி மாணவி 2012-இல் கொல்லப்பட்ட பிறகு, கான்பூர் அரசு ஆலை 2014 ஜனவரியில் ‘நிர்பீக்’ ரிவால்வரை இறக்கியது. பெண்களுக்காம். .32 ரகம், அரைக்கிலோ எடை, குட்டைக் குழல். அப்போதைய விலை 1,22,360 ரூபாய். நகைக்கடன் எழுதுகிற எனக்குத் தெரியாதா, சேரிப் பெண்ணின் பையில் இருப்பது அடகுச் சீட்டு என்று?

சமண மடம் இருக்கிற மேல்சித்தாமூர்க்காரன் துப்பாக்கி பேசலாமா என்பார்கள். சட்டமே பேசுது தோழர்! வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3-ஐப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியில், தேவைப்பட்டால் தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை அரசு ரத்து செய்யலாம். தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உரிமம் வழங்கலாம். அந்த ‘தேவைப்பட்டால்’ல தான் எல்லாம் மாட்டிக்கிட்டு நிக்குது. எத்தனை குடிசை எரிந்தால் தேவைப்படும்?

எனக்கு ரிவால்வர் வேண்டாம். விதியின் முதல் பாதியைச் செய்யட்டும். பெரிய வீட்டுச் சுவரில் தொங்குவதை முதலில் இறக்கட்டும்.