கணனிப் பக்கம்: காற்றுக்கு வழிவிட்டால் சத்தம் அடங்கும்



இம்முறை கணனியின் உள்ளே இருக்கும் சாமான்களை விட்டு, அவற்றைச் சுமந்து நிற்கும் பெட்டியைப் பற்றிப் பார்ப்போம். கணனி வாங்கப் புறப்பட்டால் புரொசசர் எது, நினைவகம் எவ்வளவு என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். பெட்டியை மட்டும் கடைசியில், மிஞ்சிய காசில், நிறத்தையும் விளக்கையும் பார்த்து எடுத்துவிடுகிறோம். பிறகு அந்தப் பெட்டி இரவும் பகலும் எங்கள் அறையில் நின்று இரைகிறது.

புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்குக் கிடைக்கும் வீடு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ அறைகள் கொண்டது. கணனி மேசை இருக்கும் அறையில்தான் கைக்குழந்தையின் கட்டிலும் இருக்கும். இரவு வேலை முடித்து வந்த அப்பா பகலில் கண்ணயர்வதும் அங்கேதான். அம்மாவுக்கு மொழி வகுப்புப் பாடம் செய்ய நேரம் கிடைப்பது பிள்ளைகள் படுத்த பிறகு. கணனி இரைந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்றில் நித்திரை போகும், அல்லது படிப்புப் போகும். "அதை நிப்பாட்டிவிட்டுப் படு" என்ற குரலோடு பெரும்பாலும் போவது படிப்புத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட இரைச்சல் பற்றிய வழிகாட்டியில், நல்ல நித்திரைக்குப் படுக்கையறையில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாதிருப்பது நல்லது என்று கூறப்பட்டுள்ளது. 30 டெசிபல் என்பது காதோடு பேசும் மெல்லிய குரலின் அளவு. நன்றாகத் தேர்ந்த ஒரு கணனி, எழுத்து வேலையும் பாடமும் செய்யும்போது இந்த அளவுக்குள் நிற்கும். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கணனி உறிஞ்சும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெக்கையாகவே வெளியே வருகிறது. சாதாரண வீட்டு வேலைக்கான கணனி 30 முதல் 60 வாட் வரை எடுக்கும். பெரிய கிராபிக்ஸ் அட்டை பூட்டி விளையாடும் கணனி 300 வாட்டைத் தாண்டும். இந்த வெக்கையைப் பெட்டிக்கு வெளியே தள்ளுவதற்குத்தான் விசிறிகள். உள்ளே சூடு ஏற ஏறத் தாய்ப்பலகை விசிறியை வேகமாகச் சுழலச் சொல்லும். அந்த வேகம்தான் எங்களுக்கு இரைச்சலாகக் கேட்கிறது. அதற்கும் சூடு தணியாவிட்டால் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோடைகாலத்தில் கணனி மந்தமாகிச் சில வேளை தானாகவே நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே சத்தத்தைக் குறைப்பதும் குளிர்ச்சியைக் கூட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. காற்று இலகுவாக உள்ளே வந்து இலகுவாக வெளியே போனால் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும். மெதுவாகச் சுழலும் விசிறி சத்தம் போடாது.

ஊரில் எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்க யன்னலை மட்டும் திறந்து வைத்தால் காற்று வராது. எதிர்ப்பக்க யன்னலையும் திறந்தால்தான் உள்ளே ஓடும். கணனிப் பெட்டிக்கும் அதே விதிதான். முன்பக்கத்தால் குளிர்ந்த காற்று வர வேண்டும், பின்பக்கத்தாலோ மேற்பக்கத்தாலோ சூடான காற்று போக வேண்டும். நடுவில் தடை இருக்கக் கூடாது.

முகப்பைப் பாருங்கள்

கடையில் அழகாகத் தெரியும் பல பெட்டிகளின் முகப்பு முழுக் கண்ணாடி. அதன் பின்னால் மூன்று விசிறிகள் நிறம் நிறமாக ஒளிரும். ஆனால் காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல் அகலப் பிளவுதான் இருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னது போல அந்த விசிறிகள் இளைக்கும். இப்படியான பெட்டியை வாங்க வேண்டாம்.

முகப்பு நுண்ணிய கம்பிவலையாக இருக்கும் பெட்டியே எங்கள் தேவைக்குப் பொருத்தமானது. "திறந்த வலையால் சத்தமும் வெளியே வருமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே சில தயாரிப்பாளர்கள் முகப்பை மூடி, உள்பக்கம் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு அல்லது தார்த்தாள் ஒட்டிய பெட்டிகளையும் செய்கிறார்கள். சுவீடனின் பிராக்டல் டிசைன் நிறுவனம் 'பொப் எயர்' என்று வலை முகப்புடனும், 'பொப் சைலன்ற்' என்று சத்தம் உறிஞ்சும் தகடுகளுடனும் இரு வகை வெளியிட்டது. ஜெர்மனியின் பீ குவையற் நிறுவனமும் 'பியூர் பேஸ் 500' என்ற மூடிய பெட்டியையும், அதையே வலை முகப்பாக்கிய '500 டி.எக்ஸ்' பெட்டியையும் வெளியிட்டது. ஒரே நிறுவனம் இரண்டையும் செய்வதிலிருந்தே இரண்டுக்கும் தேவை உண்டு என்பது விளங்கும்.

மூடிய வகை, குறைந்த வெக்கை தரும் கணனிக்கும், இரையும் பழைய வன்தட்டுகள் உள்ள கணனிக்கும் பொருந்தும். பஞ்சு கீச்சென்ற கூரிய சத்தத்தை மழுக்கும், ஆனால் உறுமும் தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. பிள்ளைகள் விளையாடுவதற்குக் கிராபிக்ஸ் அட்டை பூட்டும் எண்ணம் இருந்தால் வலை முகப்பையே எடுங்கள். உண்டான சத்தத்தை மூடி வைப்பதைவிடச் சத்தம் உண்டாகாமல் செய்வதே சுகம்.

பெரிய விசிறி, குறைந்த வேகம்

விசிறியின் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரின் பேச்சில் மயங்க மாட்டீர்கள். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். அதேபோன்ற இன்னொரு விசிறியைப் பக்கத்தில் பூட்டினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. எனவே முழு வேகத்தில் சுழலும் ஒரு விசிறிக்குப் பதிலாகப் பாதி வேகத்தில் இரண்டைச் சுழலவிட்டால் அதே அளவு காற்று போகும், சத்தமோ ஏறத்தாழ 12 டெசிபல் குறையும்.

அளவும் முக்கியம். 80 மில்லிமீற்றர் விசிறியைவிட 120 மில்லிமீற்றர் விசிறியின் பரப்பு இரண்டே கால் மடங்கு. ஆகவே 120 அல்லது 140 மில்லிமீற்றர் விசிறி பூட்டக்கூடிய பெட்டியையே தேடுங்கள். முன்னால் இரண்டு உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள என மூன்று விசிறிகள் ஒரு குடும்பக் கணனிக்குத் தாராளம். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், இடுக்குகளால் தூசு நுழைவதும் குறையும்.

விசிறியின் வயர் முனையில் நான்கு துளைகள் உள்ளதா என்று பாருங்கள். நான்கு துளை விசிறியின் வேகத்தைத் தாய்ப்பலகை சூட்டுக்கு ஏற்றபடி நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும். மூன்று துளை விசிறியையும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கட்டுப்படுத்தலாம், ஆனால் எல்லாத் தாய்ப்பலகைகளும் அதைச் செய்வதில்லை. நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுக்குள் நிற்கும் நல்ல விசிறி, மேசைக்குக் கீழே இருந்தால் இருப்பதே தெரியாது.

வாங்குமுன் கையால் பாருங்கள்

1. பக்கத் தகட்டை விரலால் தட்டுங்கள். வெற்றுப் பிஸ்கற் ரின்னைப் போலக் கணகணவென்று ஒலித்தால் தகரம் மெல்லியது, விசிறியின் அதிர்வுக்கு அதுவும் சேர்ந்து பாடும். மந்தமாக ஒலித்தால் நல்லது. சற்றுப் பாரமான பெட்டி பெரும்பாலும் நல்ல பெட்டி.

2. முகப்பிலும் அடியிலும் தூசு வடிகட்டி இருக்கிறதா, அதை இலகுவாகக் கழற்றிக் கழுவ முடியுமா என்று பாருங்கள். திருகாணி கழற்றினால்தான் வடிகட்டி வருமென்றால் அதை ஒருவரும் கழுவ மாட்டார்கள்.

3. வன்தட்டு பூட்டும் இடத்தில் இறப்பர் வளையங்கள் உண்டா என்று பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி போடுவதே உத்தமம். அதற்குள் சுழலும் பாகம் எதுவுமில்லை, ஆகவே சத்தமும் இல்லை.

4. அளவுகளைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ஏ.டி.எக்ஸ் தாய்ப்பலகை 305 க்கு 244 மில்லிமீற்றர், மைக்ரோ ஏ.டி.எக்ஸ் 244 க்கு 244, மினி ஐ.டி.எக்ஸ் 170 க்கு 170. புரொசசரின் மேல் நிற்கும் பெரிய கூலர் பல வேளைகளில் 155 முதல் 160 மில்லிமீற்றர் உயரம் வரும். பெட்டி எவ்வளவு உயரத்துக்கு இடம் தருகிறது என்பதை முதலில் வாசியுங்கள்.

மிகச் சிறிய பெட்டி இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் சிறிய விசிறியையே ஏற்கும், காற்று சுற்றவும் இடம் இராது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ் அளவான நடுத்தரப் பெட்டியே எங்கள் வீடுகளுக்குப் பொருந்தும்.

பழைய கணனி வாங்குபவர்களுக்கு

எம்மில் பலர் அலுவலகங்கள் கழித்துவிட்ட கணனிகளையே முதலில் வாங்குகிறோம். அதில் தவறில்லை. அவை சாதாரண வேலையில் அடக்கமாகவே ஓடும். ஆனால் "பிறகு நல்ல பெட்டிக்கு மாற்றலாம்" என்று எண்ணி வாங்காதீர்கள். அப்படியான கணனிகளின் தாய்ப்பலகையும் மின்வழங்கியும் பல வேளைகளில் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவில் இருக்கும், கடைப் பெட்டியில் பொருந்தாது. வாங்கும் இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டுக் காதால் கேளுங்கள்.

ஏற்கனவே இரையும் கணனி வீட்டில் இருந்தால் உடனே காசைச் செலவழிக்க வேண்டாம். முதலில் நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, மென்மையான தூரிகையால் தூசைத் துடையுங்கள். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மின்வழங்கியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். பிறகு பயோஸ் பக்கத்துக்குப் போய் விசிறி எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி வைக்கப்பட்டிருந்தால் சூட்டுக்கு ஏற்ப ஓடும்படி மாற்றுங்கள். பாதி வீடுகளில் பிரச்சினை இதோடு தீரக்கூடும். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டே ஓடவிடும் பழக்கம் வேண்டாம். சத்தம் நேரே காதுக்கு வரும், பிள்ளைகளின் விரலும் விசிறிக்குள் போகும்.

வைக்கும் இடம்

நல்ல பெட்டியையும் தவறான இடத்தில் வைத்தால் பயனில்லை. தரைக் கம்பளத்தின் மேல் நேரே வைக்காதீர்கள். பல பெட்டிகளில் மின்வழங்கி அடியிலிருந்துதான் மூச்சு எடுக்கும், கம்பளம் அதை அடைத்துவிடும். ஒரு பலகைத் துண்டைக் கீழே போடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம். மூடிய அலுமாரிக்குள்ளும் வேண்டாம். மேசைக்கு மேல் காதுக்கு அருகே வைப்பதைவிடக் கீழே, கட்டிலுக்கு எதிர்ப்புறமாக வைத்தால் அதே கணனி இன்னும் அடக்கமாகக் கேட்கும்.

கடைசியாக ஒன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையம் மூலம் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. சுவிற்சர்லாந்தில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை, அங்குள்ளவர்கள் கடையின் விதியை முதலில் வாசிக்க வேண்டும். பெட்டியைப் பூட்டிப் பார்த்தவுடன் ஒரு இரவு அறையில் ஓடவிடுங்கள். பிள்ளை நித்திரை கொள்ளும் நேரம் கேட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் காலக்கெடு முடியுமுன் திருப்பிவிடலாம்.

பெட்டிக்காக 20 அல்லது 30 யூரோ கூடக் கொடுப்பதை வீண்செலவு என்று எண்ண வேண்டாம். புரொசசர் சில வருடங்களில் பழசாகும், நினைவகமும் மாறும். நல்ல பெட்டி அடுத்த கணனிக்கும் உதவும். ஒரே அறையில் ஒருவர் படிக்க, மற்றவர் உறங்க, இருவருக்கும் இடையில் சண்டை வராமல் காப்பதும் அதுதான்.

அடுத்த இதழில், வீட்டுக் கணனியில் பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் தொலையாமல் சேமித்து வைப்பது எப்படி என்று பார்ப்போம். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்கள்.