ரூம் எடுக்கும் மாணவர்களே... வாடகை மட்டும் பார்த்தால் போதுமா?

நெல்லை: பாளையங்கோட்டையில் படிக்கும் வெளியூர் பிள்ளைகள் பலர் தனியார் விடுதியிலும் வாடகை ரூமிலும்தான் தங்குகிறார்கள். அங்கே பாதுகாப்பு எப்படி?

2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையம் பெண்கள் விடுதியில் அதிகாலை பிரிட்ஜ் வெடித்து தீப்பிடித்தது. பெண்கள் பலியானார்கள். அந்த பழைய கட்டிடத்தை காலி செய்யச் சொல்லி மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது.

2014-ம் ஆண்டு சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த லைசென்ஸ் வேண்டும். ஆனால் பசங்க நாலு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது. நாமதான் பார்க்கணும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒயரிங், சிலிண்டர் வைக்கும் இடம், தீப்பிடித்தால் வெளியேற வழி மூன்றையும் பாருங்க. ஜங்ஷன் பக்கம் கீழ்வீடா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்க. 500 ரூபாய் வாடகை குறையுதுன்னு பிள்ளை உயிரை அடகு வைக்கலாமா?